கரை கடந்து உழைப்போருக்கு ஒரு கலயம் கூழ்



ஆடித் திருவிழாவை முன்னிட்டு வெளிவரும் இந்தச் சிறப்புப் பக்கங்களில் ஆலயச் செயலாளர் எழுதுவது வழக்கமாகத் திருவிழா நிகழ்ச்சி நிரலும் நன்றி நவிலலும்தான். நிகழ்ச்சி நிரலை ஆலய அறிவிப்புப் பலகையில் அன்பர்கள் காணலாம். இவ்வாண்டு அந்த நன்றியைப் பற்றியே சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நன்றி என்பது எதற்காக, யாருக்கு, எவ்வாறு செலுத்தப்பட வேண்டும் என்ற கேள்வி அண்மையில் ஓர் இரவு ஆலய வாசலிலேயே எனக்கு எழுந்தது.

ஜோகூர் பாருவின் புறநகரில் ஒரு தாமானின் ஓரத்தில் அமைந்திருக்கும் எங்கள் மாரியம்மன் ஆலயத்தில் இரவு 9 மணிக்கு நடை சாத்தப்படும். கணக்குப் புத்தகத்தை முடித்து, வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்வது என் பொறுப்பு. அன்று வேலை சற்று நீண்டுவிட்டது. நான் கதவைப் பூட்டித் திரும்பியபோது மணி ஒன்பதே முக்கால் இருக்கும். மழையில் நனைந்த ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி இரும்புக் கதவில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"கதவைத் திறக்கட்டுமா, தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க ஐயா, சிரமப்படாதீங்க. நான் தினமும் இப்படித்தான் கும்பிட்டுட்டுப் போவேன்" என்றார்.

விசாரித்தேன். பேராக்கிலிருந்து வந்து இங்கே வாடகை அறையில் தங்கி, சிங்கப்பூரில் வேலை செய்கிறவர். காலை நாலரை மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்குத்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் கூடுதல் நேர வேலை. இங்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியும் அம்மனின் கதவு திறந்திருந்து அவர் பார்த்ததில்லையாம். "இன்னைக்குப் பாலத்துல என் முன்னால போனவர் மழையில சறுக்கி விழுந்துட்டாருங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. அதுக்கு அம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

'தினமும்' என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. பக்தர்கள் உள்ளே வருவதற்காகவே என்னிடம் ஒப்படைக்கப்பட்ட சாவி அது. அந்தச் சாவியைக் கொண்டே ஒரு பக்தரை நாள்தோறும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதை நான் அறியவுமில்லை. மற்ற எவரையும்விட நான் அதை அறிந்திருக்க வேண்டியவன். ஏனெனில், அந்தக் கதவுக்கு வெளியே ஒரு காலத்தில் நானும் நின்றவன்.

பாலம் மூடிய 20 மாதங்கள்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரையிலும் படித்த நான், 1990ஆம் ஆண்டுகளிலிருந்தே சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்து வந்தேன். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளமுடைய ஜோகூர் பாலத்தை நாள்தோறும் கடக்கும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேரில் நானும் ஒருவன். காலையில் வேற்று நாடு, இரவில் சொந்த வீடு என்று வாழ்ந்ததால், அயல்நாட்டில் பிழைக்கிறவன் என்று என்னை நான் எண்ணிக்கொண்டதே இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அதற்கு முந்திய நாள் எங்களிடம் மேற்பார்வையாளர் சொன்னது இதுதான்: 'வேலை வேண்டுமானால் இன்றிரவுக்குள் துணிமணிகளோடு வந்துவிடுங்கள்.' இரண்டு வார காலம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான்கு சட்டைகளையும், பூசை அறையிலிருந்து சிறிய அம்மன் படம் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். "அடுத்த வாரம் வந்துருவேம்பா" என்று சொன்னேன். மீண்டும் அந்த வாசலை நான் மிதித்தபோது 20 மாதங்கள் கடந்திருந்தன. அந்த நாற்காலி காலியாக இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் அப்பா காலமானார். அவருக்கு வயது 78. நான் நாடு திரும்புவதற்குத் தடையில்லை. ஆனால், திரும்பினால் 14 நாள் தனிமைப்படுத்தும் மையத்தில் இருக்க வேண்டும். அதற்குள் எல்லாச் சடங்குகளும் முடிந்துவிடும். மறுபடியும் வேலைக்குச் செல்ல அப்போது வழி இல்லை. தம்பிக்கோ அந்த ஊரடங்கில் வருமானமே நின்றுபோயிருந்தது. இரு குடும்பங்களும் என் சம்பளத்தை நம்பியிருந்தன. "நீ வராதேண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்றான் தம்பி. மூத்த மகனாகிய நான் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவில்லை. உட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு வாடகை அறையில், கைப்பேசித் திரையில், தம்பி செய்த கிரியைகளைப் பார்த்து அழுதேன். கடற்கரை வரை நடந்தால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். பார்க்க முடிந்த ஊருக்குப் போக முடியவில்லை.

அன்று நான் அம்மன் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். இத்தனை ஆண்டு தீச்சட்டி எடுத்தேனே, பால்குடம் சுமந்தேனே, அதற்குப் பலன் இதுதானா என்று கேட்டேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் இதே கேள்வியை இதே கோபத்தோடு கேட்டிருப்பீர்கள்.

அந்த வீட்டின் உரிமையாளர் ஒரு சீன மூதாட்டி. தமிழ் அறியாதவர். எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய் மொழிதான். செய்தி அறிந்ததும் அவர் கூடத்தில் இருந்த ஒரு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்களை வைத்து, "உன் தகப்பனார் படத்தை இங்கே வை" என்றார். என்னிடம் அப்பாவின் படம் கைப்பேசியில் மட்டுமே இருந்தது. அதையே பழத்தட்டின் மீது சாய்த்து வைத்தோம். முடிதிருத்தும் கடைகள் எல்லாம் மூடியிருந்த நாள்கள் அவை. அறையில் உடன் தங்கியிருந்த தம்பி ஒருவர் தம்முடைய சவரக் கத்தியால் எனக்கு மொட்டை அடித்துவிட்டார். தலையில் மூன்று இடங்களில் வெட்டுக்காயம். "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் அழுதார். பதினாறாம் நாள் அந்த அறையிலேயே சோறு சமைத்து, ஐந்து பேர் இலைக்குப் பதிலாகக் காகிதத் தட்டில் சாப்பிட்டோம்.

அன்றிரவு அம்மன் படத்தை மறுபடியும் நேராகத் திருப்பி வைத்தேன். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் அன்று. இன்றளவும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஆயினும், நான் கேட்காமலே எனக்குக் கிடைத்தவை சில இருந்தன. அவற்றுக்குக் கைகூப்பாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பாட்டி ஊற்றிய கூழ்

அப்பா உயிரோடிருந்தபோது அடிக்கடி சொல்லும் ஒரு செய்தி அன்றுதான் எனக்கு விளங்கியது. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 1943ஆம் ஆண்டில் ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். அவ்வாறு சென்றவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். பெருந்தொகையானோரைப் போலவே அவரும் திரும்பி வரவில்லை. அப்பா அப்போது ஒரு வயதுக் குழந்தை.

கணவரை இழந்த பாட்டி ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நிறுத்தவில்லை. விவரம் தெரிந்த வயதில் அப்பா கேட்டிருக்கிறார்: "அப்பாவைக் காப்பாத்தாத சாமிக்கு எதுக்கும்மா கூழு?" பாட்டி சொன்ன பதில்: "உங்கப்பா போன பிறகு பக்கத்து லயத்துக்காரிங்க ஆளுக்கொரு துண்டு மரவள்ளிக் கிழங்கு கொடுத்துத்தான் நீ பொழச்சே. அவங்க வீட்டுலயும் இல்லாத நேரம் அது. அந்தக் கைய நீட்டச் சொன்னது யாரு?"

எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியின் இந்தப் பதிலைத் தாண்டி நன்றியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. துன்பத்துக்கு நன்றி சொல்லுங்கள் என்று சிலர் உபதேசம் செய்வதுண்டு. 'எல்லாம் நன்மைக்கே, இறைவன் சோதிக்கிறான்' என்று இழவு வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது எனக்கு உடன்பாடானதன்று. பாட்டனாரின் சாவுக்குப் பாட்டி நன்றி சொல்லவில்லை. அப்பாவை வழியனுப்ப முடியாமல் போனதற்கு நானும் நன்றி சொல்லப் போவதில்லை. துன்பம் துன்பம்தான். அதன் நடுவே நம்மை நோக்கி நீண்ட கையை மறவாதிருப்பதே நன்றி. அந்தக் கைக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறாள் என்று நம்புவதே பக்தி.

ஆடிக் கூழின் பொருளும் இதுவே என்று கருதுகிறேன். கேழ்வரகுக் கூழ் அரண்மனை உணவன்று. ஏழையின் உணவு, பஞ்சத்தின் உணவு. நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது பொன்னும் பட்டும் கொண்டு வரவில்லை. தாங்கள் பசித்த நாளில் எது தங்களைக் காத்ததோ அதையே அம்மனுக்குப் படைத்து, வந்தவர்க்கெல்லாம் வழங்கினார்கள். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் தாராளமாகக் கிடைக்கும் இக்காலத்திலும் ஆடியில் கூழை நாம் விடாமல் ஊற்றுவது, பசித்த நாளை மறவாதிருப்பதற்காகத்தான்.

போக முடியாத கயிலை

அந்த 20 மாதங்களில் எனக்குப் பெருந்துணையாக இருந்தது திருநாவுக்கரசர் பெருமானின் வரலாறு. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் நிகழ்ச்சி அது. கயிலையைக் கண்டே தீருவேன் என்று புறப்பட்ட அப்பர், கால் தேய்ந்து, பின் கையூன்றித் தவழ்ந்து, உடல் முழுவதும் தேய்ந்தும் அங்கே போய்ச் சேர முடியவில்லை. இறைவனின் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கி அவர் எழுந்தது திருவையாற்றில். அங்கே அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது. போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாதவனுக்கு, அவன் நிற்கிற இடத்திலேயே தரிசனம் தரும் கருணை அது. ஒரு சீன மூதாட்டியின் கூடத்து மேசை எனக்குத் திருவையாறாக அமைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

2021ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கான தரைவழிப் பயணம் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் மூன்று மாதம் வேலை செய்துவிட்டுத் தாயகம் வந்து செல்ல ஓர் ஏற்பாடு இருந்தது. ஆனால், இருபுறமும் தனிமையில் இருக்க வேண்டிய நாள்களுக்கு எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் லார்க்கின் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், நேராக வீட்டுக்குப் போகாமல் இந்த ஆலயத்துக்குத்தான் வந்தேன். இரவு ஒன்பதரை மணி. கதவு பூட்டியிருந்தது. இரும்புக் கம்பியில் நெற்றியை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

பிறகு வேலையை விட்டேன். ஆலய நிர்வாகத்தில் சேர்ந்தேன். செயலாளர் ஆனேன். சாவி என் கைக்கு வந்தது. அந்த இரும்புக் கம்பியின் குளிர்ச்சியை நான் மறந்துவிட்டேன். அன்பர்களே, நன்றி மறத்தல் என்பது உதவியவரை ஏசுவது மட்டுமன்று. தான் நின்ற இடத்தில் இன்று வேறொருவர் நிற்பதைக் காணாமல் போவதும் அதுதான்.

நிர்வாகத்தின் முன் ஒரு கோரிக்கை

ஆகவே, சென்ற நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் ஆலய வெளிக்கதவு இரவு 11 மணி வரை திறந்திருக்க வேண்டும். கரை கடந்து வேலைக்குச் சென்று திரும்புவோருக்கென ஒரு பாத்திரத்தில் கூழ் தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். இது சரிவர நடைபெற்றால் மற்ற மாதங்களுக்கும் விரிவுபடுத்தலாம்.

எதிர்ப்புகள் எழுந்தன. அவற்றில் நியாயமும் உண்டு. நடை சாத்திய பின் அம்மனின் ஓய்வைக் கலைக்கலாகாது என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். மெய்தான். கருவறைக் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. முன்மண்டபத்தில் ஒரு விளக்கும் திருநீறும் குங்குமமும் இருந்தால் போதும். அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரம் என்றார் மற்றொருவர். அதுவும் மெய்தான். மணியோசையும் ஒலிபெருக்கியும் வேண்டாம். களைத்து வருகிறவர்களும் அமைதியையே நாடி வருவார்கள்.

மூன்றாவது எதிர்ப்புதான் என்னைச் சிந்திக்க வைத்தது. "குருக்கள் பாவம், அவர் எந்நேரம் உறங்குவார்?" என்று பொருளாளர் கேட்டார். எங்கள் குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதி பெற்று வந்தவர். அதிகாலையில் எழுந்து, இரவு வரை நின்று, நமக்காக அர்ச்சனை செய்கிறவர். ஊருக்குச் சென்று ஈராண்டுகளுக்கு மேலாகிறது. தம் மகளின் முதல் பிறந்தநாளை அவரும் கைப்பேசியில்தான் பார்த்தார். நம் பிள்ளைகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் நாள்தோறும் சொல்லி வேண்டுகிறவரின் பிள்ளையைப் பற்றி நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? ஒருவருக்கு நன்றி செலுத்துவதற்காக இன்னொருவரை வருத்துவது தருமமாகாது. ஆகையால், பிந்திய நேரப் பொறுப்பை நிர்வாகத்தினரும் தொண்டர்களும் முறைவைத்து ஏற்க வேண்டும். குருக்கள் ஐயா தம் அறையில் நிம்மதியாக உறங்கட்டும். அத்துடன், அவர் ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தைக் கண்டுவரும் பயணச் செலவை ஆலயமே ஏற்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன்.

உபயகாரப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கொடையினால்தான் இந்தக் கோபுரம் நிற்கிறது. அதை ஆலயம் என்றும் மறவாது. கல்வெட்டில் உங்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பது முறையே. ஆனால், தோட்டம் விற்கப்பட்டபோது அம்மனைத் தலையில் சுமந்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மாதம் இரண்டு வெள்ளி சந்தா கட்டியவர்கள் அவர்கள். திருவள்ளுவர் செய்ந்நன்றி அறிதலைத் திருக்குறளின் 11ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு அடுத்த அதிகாரமாக நடுவு நிலைமையை வைத்திருக்கிறார். நன்றியுணர்வு நம்மை ஒருபக்கம் சாய்த்துவிடக்கூடாது என்று அந்த வரிசையிலிருந்து நான் பாடம் கற்றுக்கொள்கிறேன். பெரிய கொடைக்கு நன்றி கூறும் ஆலயம், இரும்புக் கதவுக்கு வெளியே நின்று கும்பிடுகிறவரின் நன்றியையும் ஏற்றுக்கொள்ள இடம் வைக்க வேண்டும். இவ்வாண்டு ஆடி உபயங்களில் ஒன்றே ஒன்றை, பெயர் குறிப்பிடாமல், 'கரை கடந்து உழைப்போர் உபயம்' என்று ஒதுக்கித் தரும்படி உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியூரிலும் வேற்று நாட்டிலும் உழைக்கும் இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஆலயத்துக்கு வர முடியவில்லையே என்று மனம் வருந்த வேண்டாம். அறையில் ஒரு சிறு படம் போதும். படுக்கப் போகுமுன், இன்று உங்களுக்கு உதவிய ஒருவரின் முகத்தை நினைத்துக் கைகூப்புங்கள். அந்த ஒருவர் வேறு இனத்தவராகவும் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். அம்மன் எந்த உருவில் வருவாள் என்று நாம் முடிவு செய்ய இயலாது. கோபம் வந்தால் அவளிடமே கோபப்படுங்கள். தாயிடம் கோபித்துக்கொள்ளாமல் பிள்ளை வேறு யாரிடம் கோபித்துக்கொள்ளும்?

இதை எழுதும் வேளையில் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அன்பர்கள் தங்கள் கருத்தைத் தலைவரிடம் நேரில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். செயலாளர் என்ற முறையில் கூட்டத்தின் முடிவு எதுவாயினும் அதற்குக் கட்டுப்படுவேன். திறக்கச் சொன்னால் திறப்பேன், பூட்டச் சொன்னால் பூட்டுவேன். ஆனால், தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் அக்கரையில் நின்ற ஒரு மகன் என்ற முறையில், ஆடி முதல் வெள்ளியன்று இரவு ஒன்பதரை மணிக்கு நான் அந்த வாசலில் இருப்பேன். கதவு திறந்திருந்தால் முன்மண்டபத்தில் இருப்பேன். பூட்டியிருந்தால் கதவுக்கு வெளியே, சாலையோரத்தில், கூழ்க் கலயத்துடன் நிற்பேன்.

பாலம் கடந்து களைத்து வரும் தம்பி, தங்கைகளே, வண்டியை நிறுத்தி ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.

அன்னை மாரியம்மனின் அருள் எல்லார்க்கும் பெருகுக.